ஊறுகாய்க்கு அனுமதி

ரத்தக்கொதிப்பு வந்த நாளிலிருந்து செண்பகவல்லி ஊறுகாய் ஜாடியைத் தொட்டாலே போதும், அடுக்களைச் சுவரிலிருந்து அவள் உடல்நிலையைக் கவனித்துப் பேசும் நலப்பெட்டி திட்டித் தீர்த்துவிடும். இன்று காலை அதே பெட்டி, “ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கம்மா” என்று குழைந்தது. திறந்த ஜாடியை அப்படியே வைத்துவிட்டு அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“போன வாரம் எடுத்த ஸ்கேன்ல என்ன இருக்கு?” என்று அதைக் கேட்டாள்.

“வெறும் வாயுத் தொல்லைதாம்மா.”

பக்கத்தில் நின்ற மகன் முகிலன் தலையைக் குனிந்துகொண்டான். “உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தாம்மா அதுக்குச் சொல்லி வெச்சேன். நீ தாங்க மாட்டே.”

“தாங்குறதும் தாங்காததும் என் பாடு.”

ஜாடியை இறுக மூடினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“முதல்ல உண்மையைச் சொல்லு. அப்புறம் பழையபடி திட்டு. நான் இன்னும் சாகலை.”