பாக்கியம் மயினி வீட்டுக் கூரை

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, நாட்டுக்காக ஆடப் போன ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன்.

தூத்துக்குடி ஜெசிந்தாவுக்குப் பத்தொன்பது வயதில் இந்தியக் கிரிக்கெட் அணியில் இடம் கிடைத்தது. முதல் தொடர் முழுக்கப் பந்தைத் தரையோடுதான் அடித்தாள். தூக்கி அடிக்கக் கை வரவில்லை. "இந்தப் பழக்கம் போனாத்தான் டீம்ல இருப்பே" என்று சொல்லிவிட்டார் பயிற்சியாளர். வேண்டாத பழக்கத்தை மறக்கடிக்கும் தொப்பியை அவளும் மாட்டிக்கொண்டாள். அந்தக் காலத்தில் எல்லா ஆட்டக்காரர்களும் மாட்டிக்கொள்வதுதான். அடுத்த தொடரில் சிக்ஸர் மழை.

ஊருக்கு வந்தவளைத் தெருவுக்கு இழுத்தான் அண்ணன் சேவியர். அதற்காகவே துறைமுகத்தில் லீவு போட்டிருந்தான். "வாட்டி, பழையபடி ஒரு ஓவர் ஆடுவோம்."

அவள் அடித்த முதல் பந்தே, அண்ணி முறையாகும் எதிர்வீட்டுப் பாக்கியம் மயினியின் தகரக் கூரையில் போய் இடித்தது.

"அவுட்டு!" என்று குதித்தான் சேவியர்.

"சிக்ஸுண்ணே! கள்ளாட்டம் ஆடாத."

"அங்க போனா அவுட்டுல்லா? நீ போட்ட சட்டந்தானட்டி."

"நானா? எதுக்கு?"

அவன் சிரிப்பு நின்றது. "கூரையில பந்து விழுந்தா மயினியோட கைப்பிள்ள முழிச்சிரும்னு... சின்னதுல இந்தத் தெருவுல ஒருத்தன் விடாம சண்ட போட்டியேட்டி. அப்பந்தான தரையோட அடிக்கப் பழகுனே, தொப்பி அதையும் சேத்துத் தொடச்சிட்டா?"

ஜெசிந்தா மட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனருகே உட்கார்ந்தாள்.

"சொல்லுண்ணே. அப்புறம் நான் என்ன செஞ்சேன்?"

கண்ணுகளா, நீங்கள் மறந்துபோன உங்களை எடுத்துச் சொல்ல, உங்கள் வீட்டில் கூடப்பிறந்த ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.