பத்து மணிக் கையெழுத்து

"அந்த முனியம்மாவை மாத்திடுங்க பாய். துணைக்குப் போற வேலைக்கு அவங்க சரிப்பட மாட்டாங்க."

ஜெகதாம்பாள் இளைஞர் மையத்தில் தொண்டு செய்யச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டதால் பகலெல்லாம் நேரம் இருந்தது.

செங்கல்பட்டில், தன் டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அந்த மையத்தை நடத்தி வந்தார் ஹயாத் பாஷா. கோஷ்டிச் சண்டையில் சிக்கிய இளைஞர்களுக்கு வேலை தேடித் தருவார், வீட்டாரிடம் பேசுவார். ஜாமீனில் வந்தவர்கள் கையெழுத்துப் போடப் போகும்போது துணைக்கு ஆள் அனுப்புவார்.

தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் போலீசுக்கும் தெரியும், பழிதீர்க்கக் காத்திருப்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் துணை.

தர்மராஜுக்கு மாமல்லபுரத்தில் கையெழுத்து. கொலை கேஸ். வயது இருபத்திரண்டு. அவனுக்குத் துணையாகப் போய் வந்தவள் முனியம்மா.

"முனியம்மா அப்படி என்னம்மா பண்ணிட்டாங்க?" என்றார் பாஷா.

"நேத்து அவங்க போன பஸ்லதான் நானும் போனேன். பக்கத்துல உக்காந்திருக்காங்க, ஒரு வார்த்தை பேசலை. அவன் தண்ணி பாட்டிலை நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. இப்படி நடத்தினா அவன் எப்படித் திருந்துவான்? நான் போறேன் பாய்."

"நாளைக்கு அவங்களோட நீங்களும் போய்ட்டு வாங்க. அப்புறமும் மாத்தணும்னா மாத்திடலாம்."

மறுநாள் மூவருமாகப் போனார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் ஜெகதாம்பாள் அவனுக்கு பிஸ்கட் கொடுத்து, வீட்டு நிலவரமெல்லாம் கேட்டு முடித்துவிட்டாள். முனியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாமல்லபுரத்தில் இறங்கி நடந்தார்கள். சிற்பப் பட்டறை ஒன்றின் எதிரே மூன்று பைக்குகள். ஐந்து இளைஞர்கள். ஒருவன் கையில், பேப்பரில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

தர்மராஜின் கால் நின்றுவிட்டது. ஜெகதாம்பாள் தன்னை அறியாமல் கல் ஏற்றி நின்ற லாரியின் பின்னால் ஒதுங்கினாள்.

முனியம்மா தர்மராஜின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அவர்களிடம் போனாள்.

"இன்னாடா சாலமோன், நாஸ்தா துன்னியா?"

பேப்பர் பொட்டலம் முதுகுக்குப் பின்னால் போனது.

"இன்னும் இல்லம்மா."

"வேலைக்குப் போவாம இங்க இன்னாடா கீது? வூட்டுக்குப் போ. உங்கம்மா தேடிகினு இருப்பா."

"நீ நவுந்துக்கம்மா."

"நவுற மாட்டேன். வண்டிய எடு."

அவன் நின்றான். முனியம்மாவும் நின்றாள். பட்டறையில் உளிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ராங்கு பண்றம்மா நீ" என்று முணுமுணுத்தான் சாலமோன். பிறகு பைக்கை உதைத்தான். மற்ற வண்டிகளும் பின்னாலேயே போயின.

ஸ்டேஷன் வாசலில்தான் ஜெகதாம்பாளால் அவர்களை எட்ட முடிந்தது. மூச்சு வாங்கியது.

"யாரு முனியம்மா அவங்க?"

"எம் புள்ளையோட கூட்டாளிங்க. என் கையால சோறு துன்ன பசங்க."

"அதான் நீங்க சொன்னதும் போய்ட்டாங்களா?"

"இவன் மேல கைய வெச்சா, நாளைக்கு அஞ்சு பேரும் இவன மாதிரியே கையெழுத்துப் போட வந்து நிக்கணும். அஞ்சு பேரப் பெத்தவளுங்களும் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் அலையணும். அதுக்குத்தான் வரேன். இவனுக்காவ இல்ல."

ஜெகதாம்பாளுக்கு முதல்முறையாக அவள் மேல் மரியாதை வந்தது. அதோடு மையத்து வேலையும் ஞாபகம் வந்தது.

"உங்க பையனையும் மையத்துக்குக் கூட்டிட்டு வாங்களேன். இப்பவே நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருத்திடலாம். நான் பேசறேன் அவன்கிட்ட."

முனியம்மா பிடித்திருந்த மணிக்கட்டை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

தர்மராஜ்தான் தலையைத் தூக்காமல் சொன்னான்:

"அவன் செத்த கேசுக்குத்தான் மேடம் நான் கையெழுத்துப் போட்டுகினு கீறேன்."