கேத்தரின் காத்த கோட்டு

"தோள்ல டார்ச் அடிங்க அண்ணி. இப்பக் கழுத்துப் பக்கம். ம்... அடிபட்ட மாதிரி ஒண்ணும் தெரியல."

ஆஞ்சலாவின் விசாரணை முடிகிற வழியாக இல்லை. ஜீவனஹள்ளி வீட்டு ஹாலில் டார்ச்சும் கையுமாக நின்ற கேத்தரின், அவள் சொன்ன பக்கமெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பினாள்.

"வெயில் காட்டினீங்களா?"

"ஜன்னல் ஸ்கிரீனைக்கூட விலக்கல."

"பிளாஸ்டிக் கவர்ல மூடி வெச்சீங்களா?"

"ஐயோ, மூச்சு முட்டாதா? பழைய காட்டன் புடவைதான் சுத்தினேன்."

சோபாவில் மல்லாந்து கிடந்தது ஆளல்ல, ஃபர் கோட்டு. போன கிறிஸ்துமஸுக்குக் கனடாவிலிருந்து வந்த நாத்தனார் ஆஞ்சலா, அதை இங்கே விட்டுப்போகும்போது ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஒரு வருஷம் யாரும் உடம்பில் போடாமல், ஒரு முடி கொட்டாமல் வைத்திருந்தால் கோட்டு கேத்தரினுக்கே.

அவ்வளவுதான், கேத்தரின் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். அகலமான மர ஹேங்கர் தேடி வாங்கினாள். அந்துருண்டையை மேலே படாமல் தனியாகத் தொங்கவிட்டாள். "தோள்ல பேக் மாட்டினா முடி தேயும், உக்காந்தா நசுங்கும், செண்ட் பட்டா மொரமொரப்பாயிடும்" என்று அவள் தினமும் ஜெபம் மாதிரி ஒப்பித்ததில், கணவர் தியோடருக்கே எல்லாம் மனப்பாடம்.

இந்த வருஷம் நடுராத்திரிப் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் நிற்க வேண்டும், அதுதான் அவள் ஆசை. உட்காரத்தான் முடியாதே!

மூலையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த தியோடரை ஆஞ்சலா திரும்பிப் பார்த்தாள். "ஆமா, அண்ணனுக்கு இந்த வருஷம் இருமலே காணோமே? டிசம்பர்னா லொக்கு லொக்குன்னு வீடே அதிருமே!"

"அதை ஏன் கேக்குறே! விடியக்காலம் அந்தப் பனியில பால் பூத்துக்குப் போய் க்யூல நிக்கிறாரு. ஒரு தும்மல்கூட வரல. எல்லாம் மாதா கிருபை."

தியோடர் அவரைக்காயிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஆஞ்சலா கடைசியாக ஒருமுறை கோட்டின் முதுகைத் தடவிப் பார்த்தாள். "சக்கத்தா, புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்க அண்ணி! யாரும் போடலதானே?"

"வேளாங்கண்ணி மாதா சத்தியமா யாரும் போடல!"

"அப்ப உங்களுக்குத்தான். கடைசியா ஒரு வாட்டி போட்டுப் பாத்துட்டுத் தரேன்."

கேத்தரினுக்கு சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. ஆஞ்சலா கோட்டுக்குள் நுழைந்து கழுத்துக் கொக்கியை இழுத்தாள். மாட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தாள்.

"ஏய், பிச்சுடாதே!" அவரைக்காய்த் தட்டு உருள, பதறி எழுந்தார் தியோடர். "அதைக் கீழ் கொக்கியிலேர்ந்து மாட்டிட்டு வரணும்மா. தினமும் காலையில நான் அப்படித்தான் மாட்டுறேன்!"