என் பங்குக்கு வந்த அழுகை

எல்லையிலிருந்து திரும்பிய என் மகன் இளவழகனின் பயத்தை ராணுவ மருத்துவமனையில் எங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். அவனை நடுங்கவைத்த ஒவ்வொரு சத்தத்துக்கும் இனி அதை வாங்கியவர்தான் நடுங்கவேண்டும். எங்களூர் பட்டாளத்து ஊர். பாகப்பிரிவினை சண்டையில்லாமல் முடிந்தது. குக்கர் விசில் என் மைத்துனருக்கு; அன்றிலிருந்து அவர் வீட்டில் வடித்த சோறுதான். ஹெலிகாப்டர் பஞ்சாயத்துத் தலைவருக்கு. தேர்தல் வந்தால் கட்டிலுக்கடியில் இருப்பார்.

குழந்தை அழுகையை யாரும் தொடவில்லை. வீட்டில் குழந்தையே இல்லையே என்று நான் வாங்கிக்கொண்டேன்.

“யார் எதை வாங்கினார்கள் என்று உங்கள் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பயம் அவருக்கே திரும்பிவிடும்” என்றார் டாக்டர்.

இப்போது பேத்திக்கு நாற்பது நாள்.

“ஒருவாட்டி தூக்கேம்பா” என்றான் மகன்.

“இடுப்பு வலிடா.”

“நேத்து அரிசி மூட்டய தூக்குனியே? பொண்ணாப் பொறந்துட்டாளேன்னுதான?”

குழந்தை வீறிட்டது. நான் கொல்லைக்கு ஓடிக் காதைப் பொத்திக்கொண்டேன். யார் பெற்றதோ, எல்லையில் எங்கோ எரிகிற வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை என்னைக் கூப்பிட்டு அழுதது.

நடுக்கம் அடங்கியபின் ஜன்னல் வழியே பார்த்தேன்.

“தாத்தாவுக்கு நம்மள வேணாமாம்டி” என்று சொல்லி, மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கை நடுங்கவே இல்லை.