எனிட்டின் விரலளவு

லண்டனில் என் நகைக்கடைக் கண்ணாடியில் மழை வழிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் எனிட்டுக்கு நாளை அறுவை சிகிச்சை. வீங்கிய விரலிலிருந்து கல்யாண மோதிரம் கழலவில்லை. எட்வர்ட் மன்னர் காலத்துப் பிளாட்டினம். லேஸ் பின்னல்போல் துளையிட்ட வேலைப்பாடு, விளிம்பெங்கும் கடுகைவிடச் சிறிய மணிகள். பின்னல் இல்லாத அடிப்பக்கத்தில் சிறு ரம்பத்தை வைத்து அறுக்கிறேன். கணவர் சிரில் எனிட்டின் மறுகையைப் பற்றியிருக்கிறார்.

"வலிக்குதா எனிட்?"

"நீ புடிக்கிறதுதான் வலிக்குது, சிரில்."

மோதிரம் பிளந்து வருகிறது. விரலில் வெளுத்த பள்ளம்.

"வீக்கம் வடிஞ்சதும் போட்டுக்குவா. பழையபடி ஒட்டிக் குடுத்துடுவீங்கல்ல?" என்று சிரில் என்னைக் கேட்கிறார்.

"குடுத்துடறேன்."

எனிட் மெதுவாகச் சொல்கிறார்: "எங்க பொண்ணு அளவுக்கு ஒட்டிடுங்க. அவளுக்கு ஒல்லி விரல்."

ரசீதை சிரிலிடம் நீட்டுகிறேன். அணிபவர் பெயர் என்ற இடத்தில் அவர் நிதானமாக, எழுத்தெழுத்தாக, எனிட் என்று எழுதுகிறார்.