முதல் வெட்டு

"அந்தோனியாராணை, நான் கிள்ளயில்லை!"

புளோறன்ஸ் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். கொன்ஸ்ரன்ரைன் நம்பவில்லை. அவன் கையில் நுனி போன அஸ்பராகஸ் தண்டு ஒன்று பரிதாபமாக இருந்தது.

"அப்ப ஆர் கிள்ளினது? மூண்டு வருசமா எருப் போட்டு வளர்த்தனான். உமக்கு இந்த வீட்டை விட மனமில்லை. அதுதான்!"

மனமில்லைதான். கோயில் மணி கேட்கும் தூரத்தில், கிணறும் பின்வளவுமாக இப்படியொரு வாடகை வீடு கொட்டாஞ்சேனையில் இனி எங்கே கிடைக்கும்? அதற்காகப் புருஷன் ஆசையாய் வளர்த்ததைக் கிள்ளுகிறவளா அவள்?

எல்லாம் துறைமுகக் கிளாக்கரான இந்தப் புருஷனின் வாயால் வந்த வினை. மகள் ஹபீலாவுக்குச் சீதனமாகக் கொடுக்க வீட்டைத் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரர் ஸாலிஹ் ஹாஜியார் வந்தபோது, "நுவரெலியாவில இருந்து வேர் கொண்டுவந்து நட்டிருக்கிறன், ஹாஜியார். மூண்டாம் வருசம்தான் வெட்டலாம். ஒருக்காத் திண்டுபோட்டுப் போறம்" என்று இவன் கெஞ்சினான்.

"சரி, மொதல் வெட்டு வரைக்கும் இருங்க" என்று அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இது மூன்றாம் வருடம். குருத்து மண்ணைவிட்டு எட்டிப் பார்க்கும். அடுத்த நாள் பார்த்தால் நுனி இருக்காது. நுனி போனால் தண்டு முற்றி நாராகிவிடும். அணிலா, நத்தையா, பக்கத்து வீட்டுக் கோழியா என்று கொன்ஸ்ரன்ரைன் சந்தேகப்படாத ஜீவன் இல்லை. கடைசியில் பெண்சாதியிடம் வந்து நின்றான்.

வழக்கம்போல் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹாஜியார் வந்தார்.

"என்ன தம்பி, வெட்டியாச்சா? எங்கட ஊட்டில ஹபீலாட உம்மா கைருன்னிஸா ஒரே கரைச்சல். ஊடு கையில வந்தாத்தான் மாப்பிள பேசலாமாம்."

"இண்டைக்கே வெட்டுறன், ஹாஜியார்! அஞ்சு குருத்துத் தப்பியிருக்கு. அடுத்த மாசம் வீட்டை விட்டிருவம்."

வாக்கு என்றால் வாக்குத்தான் அவனுக்கு. புளோறன்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நல்லது" என்றார் ஹாஜியார். "அஸருக்கு நேரமாகுது. வுளு எடுத்துட்டு வாறன்."

தொழுகைக்கு முன் கைகால் கழுவ அவர் எப்போதும் போல் கிணற்றடிக்குப் போனார். கொன்ஸ்ரன்ரைன் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துவாயோடு ஹாஜியாரின் பின்னால் போனாள் புளோறன்ஸ்.

கிணற்றடியில் அவர் இல்லை. அஸ்பராகஸ் பாத்தியில் குந்தியிருந்தார். குருத்துகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"உஸ்... செல்லிராதீங்க தங்கச்சி. எங்கட புள்ளக்கி டிசம்பர்ல சீனியர் சோதினை. எழுதோணும் எண்டு ராப்பகலாப் படிக்கிது. இந்த ஊடு காலியாகினா, உம்மாக்காரி ஒடனே கலியாணத்த வெச்சிருவா."

புளோறன்ஸ் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அந்த மூலையில இன்னும் ஒண்டு நிக்குது, ஹாஜியார். அவர் வாறதுக்குள்ள கிள்ளுங்கோ."