ஐந்தாவது நேர்முகத் தேர்வு

பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. ஒன்பதரை ஆகியும் மகன் போர்வையை விலக்கவில்லை.

"இருபத்தெட்டு வயசாகுதுடா! இன்னும் எத்தனை வேலையைத்தான் தூங்கித் தூங்கியே கோட்டை விடுவ?"

"இதுவும் போகட்டும்மா."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தில் அவனுடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த கணவரிடம் பாய்ந்தாள்.

"நான் தொண்டை கிழியக் கத்துறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எனக்கு மட்டும் அவசரம் இல்லையா?" என்றார் அவர், தலை நிமிராமல்.

அவள் திரும்பி வந்து போர்வையை உருவினாள்.

"நீ சொந்தக் கால்ல நிக்கணும்னுதானேடா இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம்?"

மகன் எழுந்து உட்கார்ந்தான்.

"தெரியும்மா. பத்தாவது படிக்கிறப்பவே கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். எனக்கு ஒரு வேலை கிடைச்சதும் நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிடுறதா பேசிக்கிட்டீங்களே, இப்பவும் அப்படித்தானா?"